முதல் நடை மண்

டீக்கடை பெஞ்சில் நோட்டை விரித்து வைத்து, பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே கேட்டேன்.

"குளத்து மண்ணை அள்ளிக் கொட்டியிருக்கிற நிலம் யாருது? அந்த ஆளைப் பாக்கணும்."

கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் மட்டும் கையை நிறுத்தாமல், மோவாயால் சாலையைக் காட்டினார்.

"அந்தா வருதுல்லா அந்த ஆளு. கேட்டுக்கிடும்."

சாலையில் ஒரு பெண் தலையில் உடைமுள் விறகுக் கட்டோடு வந்துகொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். ஒரு காலில் செருப்பு இருந்தது. வார் அறுந்த மற்றொன்றைக் கையில் பிடித்திருந்தார்.

"ஏட்டி முத்துப்பேச்சி, ஒன்னயத் தேடி பேப்பர்காரரு வந்திருக்காரு. நீதான் முக்கியப் புள்ளியாம்லா!"

கடை சிரித்தது. 'முக்கியப் புள்ளி' என்பது என் வார்த்தை. மூன்று நாளைக்கு முன் அச்சில் வந்திருந்தது.

அவர் விறகை இறக்கிச் சுவரில் சாய்த்தார். "இவருதானா?" என்று கடைக்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு என்னிடம், குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதியிருக்கலாம்லா அண்ணாச்சி. எங்காடு ரோட்டு மேலதான கெடக்கு."

பேனா மூடியைத் திரும்பப் போட்டேன்.

எதிரொலி தேடிப் போனவன்

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கியிருந்த சமயம். சங்கரன்கோவிலில் ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபராக இருந்தேன். ஒரு சைக்கிள் கடையின் மாடியில் அறை. எழுதியதை உறையில் போட்டு ஒட்டி, சாயங்கால பஸ் டிரைவரிடம் கொடுத்தால் இரவுக்குள் அலுவலகம் போய்ச் சேரும். அந்த உறைக்கு டிரைவர்கள் 'மொய்க் கவர்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

எங்கள் தொழிலில் 'எதிரொலி' என்று ஒரு செய்தி வகை உண்டு. "நமது செய்தியின் எதிரொலியாக" என்று தொடங்கும். தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதுவோம். விளக்கு எரிந்ததும் எங்களால்தான் எரிந்தது என்று எழுதுவோம். நிருபருக்கு அதைவிட இனிப்பான பண்டம் கிடையாது.

குளத்து மண் செய்திக்கு எதிரொலி உடனே கிடைத்துவிட்டது. பத்திரிகை வந்த அன்றே ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து வண்டிகளைத் தடுத்தார் என்று கேள்விப்பட்டேன். அதை எழுதத்தான் அன்று அந்த டீக்கடைக்குப் போயிருந்தேன்.

ஊர்ப் பெயர் வேண்டாம். மேலநீலிதநல்லூர் போகிற சாலையில் இருக்கிறது. இன்றைக்கும் அங்கே எனக்கு டீ கொடுக்கிறார்கள்.

ஜன்னலில் பார்த்தது

அந்தச் செய்தியை எழுதிய அன்று ஒன்றிய அலுவலகத்தில் ஏதோ கூட்டம். அடுத்த பஸ்ஸுக்கு வெயில் ஏறிவிடும் என்று முதல் பஸ்ஸில் ஏறியிருந்தேன். கிழக்கே வானம் சாம்பல் நிறத்தில் இருந்தது. வண்டி ஒன்று சாலையைக் குறுக்கே கடந்ததால் பஸ் நின்றது.

வறண்ட குளத்துக்குள்ளிருந்து மாட்டு வண்டிகள் வரிசையாக ஏறி வந்தன. எண்ணினேன். பதினொன்று. ஒவ்வொன்றிலும் கருத்த மண், மேலே கோபுரம் போலத் தட்டிவிட்டிருந்தார்கள். ஈர மண்ணின் வாடையில் கொஞ்சம் மீன் வாடையும் கலந்திருந்தது. வண்டிக்காரர்கள் பேசவில்லை. எல்லா வண்டிகளும் ஒரே நிலத்தில் நுழைந்து, அங்கேயே கொட்டிவிட்டுத் திரும்பின.

பஸ் பத்து நிமிடமாவது நின்றிருக்கும். இறங்கிக் கேட்டிருக்கலாம். பக்கத்தில் நின்ற கண்டக்டரையாவது கேட்டிருக்கலாம். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதால் யாரையும் கேட்கவில்லை.

விடியுமுன் என்றால் திருட்டு. பேசவில்லை என்றால் பயம். பதினொரு வண்டி மண் ஒரே நிலத்துக்குப் போகிறது என்றால் நிலத்துக்காரர் பெரிய ஆள். இப்படியாக "இருட்டோடு இருட்டாக மண் கொள்ளை" என்று எழுதி, "முக்கியப் புள்ளி ஒருவரின் நிலத்துக்கு" என்று சேர்த்து, உறையை ஒட்டினேன்.

பார்த்ததில் ஒன்றுகூடப் பொய் இல்லை. எழுதியதில் ஒன்றுகூட உண்மை இல்லை.

எங்கள் வீட்டில் மண்

என் அறியாமைக்கு ஒரு பின்னணி உண்டு. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். அவருடைய அப்பாவும் அப்படியே. மூன்று தலைமுறையாக எங்களுக்கு நிலம் கிடையாது. புத்தக அலமாரிதான் சொத்து. எங்கள் வீட்டில் மண் என்றால் துடைப்பத்தால் கூட்டி வெளியே தள்ளவேண்டிய பொருள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும்போது செருப்பில் ஒட்டியிருந்தால் அம்மா வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

குளத்து மண்ணை வயலுக்குக் கொண்டுபோவார்கள் என்பதே எனக்கு முப்பது வயதில்தான் தெரிந்தது.

அதன் பெயர் கரம்பை. மழைத் தண்ணீர் காட்டையும் மேட்டையும் கழுவிக்கொண்டு வந்து குளத்தில் சேர்க்கிற வண்டல். காய்ந்தால் ஓடு போலப் பாளம் பாளமாக வெடிக்கும். கையில் எடுத்துப் பிட்டால் உள்ளே நத்தைக் கூடும், மீன் முள்ளும், மக்கிய வேரும் இருக்கும். செவக்காடு என்று சொல்கிற சிவப்பு மண் நிலத்தில் விழுந்த தண்ணீர் நிற்காமல் போய்விடும். அதில் கரம்பையைக் கொட்டிப் பரப்பினால், விழுந்த மழையை நிலம் கொஞ்ச நாள் பிடித்து வைத்துக்கொள்ளும்.

காட்டுக்கு உரம், குளத்துக்கு ஆழம். சம்பளம் வாங்காமல் யாரோ ஒவ்வொரு கோடையிலும் தூர் வாரிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்துக் குளங்கள் அத்தனை காலம் உயிரோடு இருந்ததற்கு அது ஒரு காரணம்.

இதற்குச் சட்ட திட்டமும் உண்டு. கரையிலிருந்து இருபது காலடி தள்ளித்தான் வெட்டலாம். மடைப் பக்கம் போகக் கூடாது. முழங்காலுக்கு மேல் பள்ளம் கூடாது. அதற்குக் கீழே சரளை வந்துவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். வெயில் ஏறினால் பாரத்தோடு மாடு கரை ஏறாது. ஆகவே இருட்டோடு தொடங்கவேண்டும். மேட்டில் ஏற்றுகிறபோது எந்த வண்டிக்காரரும் கதை பேசமாட்டார்.

பின்னாளில் சில குளங்களின் உட்பரப்பில் கருவேலங் கன்று நட்டார்கள். விறகு கிடைத்தது, கொக்கு வந்து அடைந்தது. நான்கூடப் பாராட்டி எழுதினேன். மரம் நின்ற இடத்தில் வண்டி இறங்கவில்லை. இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. இந்தக் குளத்துக்குத் திரும்புகிறேன்.

வண்டி இல்லாதவருக்கு முதலில்

அந்த ஊரில் இன்னொரு வழக்கம் இருந்தது. மண் அள்ளத் தொடங்கும் முதல் நாள், வண்டி வைத்திருக்கிற எல்லாரும், வண்டி இல்லாத ஒரு வீட்டுக்காரரின் காட்டுக்கு மண் அடிக்க வேண்டும். அதற்கு முதல் நடை என்று பெயர். அது முடிந்த பிறகுதான் அவரவர் காடு. எந்த வீட்டுக்கு என்பதை அந்த வருஷம் ஊர் கூடித் தீர்மானிக்கும்.

அந்த வருஷம் முத்துப்பேச்சி. அவருக்கு ஒன்றரை ஏக்கர் செவக்காடு. வீட்டுக்காரர் பம்பாயில் கட்டட வேலையில் இருந்தார். முந்தைய பஞ்சத்தில் மாட்டையும் வண்டியையும் விற்றாகிவிட்டது. இரண்டு வருஷமாக உளுந்து விதைத்து, முளைத்தது பாதி, கருகியது மீதி. கரம்பை விழுந்தால் ஆடியில் விதைக்கலாம். இல்லையென்றால் காட்டைத் தரிசாகப் போட்டுவிட்டு அவரும் பம்பாய்க்குப் போவதாக இருந்தார்.

டீக்கடையிலிருந்து என்னைத் தன் காட்டுக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார்.

சிவந்த மண்ணில் கருப்புக் குவியல்கள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொரு குவியலின் தலையிலும் வெள்ளைச் சுண்ணாம்பு தெளித்திருந்தது.

"இது என்ன?" என்றேன்.

"நீங்க எழுதினதுக்கு வந்த பொட்டு" என்றார். "ஒரு கூடை எடுத்தாலும் சுண்ணாம்பு கலைஞ்சிரும்லா. விசாரணை முடியுத மட்டும் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காவ. கொட்டுன மண்ணத் திரும்பக் கொளத்துலயே போடச் சொன்னாலும் சொல்லுவாவளாம்."

"ஆடி பிறக்க எத்தனை நாள் இருக்கு?"

"நீங்க எண்ணிப் பாருங்க. எண்ணுதது ஒங்க வேலதான."

அந்த அதிகாரியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. செய்தியைப் படித்தவர் செய்யவேண்டியதைச் செய்தார். கிராமக் கணக்கும் வரியும் பார்த்துவந்த பரம்பரைக் கர்ணம், முன்சீப் முறையை அரசு எடுத்துவிட்ட புதிது அது. அதுவரை ஒவ்வொரு கோடையிலும் கர்ணம் மேலிடத்துக்கு எழுதி அனுமதி வாங்கி வைத்துவிடுவார் போலிருக்கிறது. அப்படி ஒரு காகிதம் இருந்ததே ஊருக்குத் தெரியாது. கர்ணம் போனார், காகிதமும் போனது, வழக்கம் மட்டும் மிஞ்சியது. அதன் மேல்தான் நான் போய் விழுந்தேன்.

பன்னிரண்டு கையெழுத்து

பத்திரிகை அலுவலகத்துக்கு டிரங்க் கால் போட்டேன். "உள்ளூர்ச் செய்திக்கெல்லாம் திருத்தம் போடுறதில்லை. வேற செய்தியா எழுதி அனுப்பும்" என்றார்கள். அனுப்பினேன். பொருட்காட்சி விளம்பரத்துக்கு மேலே நாலு வரி வந்தது. கொள்ளைக்கு இரண்டு பத்தி அகலத்தில் தலைப்பு. வழக்கத்துக்கு நாலு வரி.

மனு ஒன்று எழுதினேன். அதுவரை நான் எழுதியதிலேயே மிகவும் கவனமாக எழுதியது அதுதான். இரண்டே கோரிக்கை: கொட்டிய மண்ணைப் பரப்ப விடவேண்டும், மற்றவர்களும் அள்ள அனுமதி தரவேண்டும். பதினொரு வண்டிக்காரர்களும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். பன்னிரண்டாவதாக முத்துப்பேச்சி, எழுத்துக் கூட்டி, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, தன் பெயரை முழுதாக எழுதினார்.

வண்டிக்காரர்களில் மூத்தவர் சுடலைமுத்து. அவர் என்னை மன்னித்தாரா என்பது தெரியாது. பேச்சில் மட்டும் விடவே மாட்டார்.

"மனுவுல என்ன வே எழுதியிருக்கு? திருடங்க நாங்க பதினோரு பேரும் கூடிக் கேட்டுக்கிடுதோம்னா?"

"இல்ல அண்ணாச்சி. வழக்கம்னு எழுதியிருக்கு."

"நல்லவேள. மொதல்ல அத எழுதியிருந்தேருன்னா மையாவது மிஞ்சியிருக்கும்."

எட்டு நாள் போனது. ஒன்பதாம் நாள் அதிகாரி வந்தார். குவியல்களுக்கு நடுவே நாற்காலி போட்டார்கள். அவர் உட்காரவில்லை. வண்டிக்காரர்களை ஒவ்வொருவராக அழைத்தார்.

"உனக்கு நிலம் இருக்கா?"

"ரெண்டு ஏக்கரு இருக்குய்யா."

"அதுக்கு மண் வேண்டாமா?"

"வேணும்யா."

"பிறகு ஏன் இந்த அம்மா காட்டுல கொட்டினே?"

"அவுகளுக்கு வண்டி இல்லல்லா."

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். நான்காவது ஆளிடம் அதிகாரி கேள்வியை முடிக்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நிருபர் நீங்கதானே? இதுல முக்கியப் புள்ளி யாரு?"

நான் வாய் திறக்குமுன், வரப்பில் நின்ற முத்துப்பேச்சி ஓரடி முன்னால் வந்தார்.

"நாந்தான்யா."

அதிகாரி சிரித்துவிட்டார். குவியலைப் பரப்பிக்கொள்ளலாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார். மற்றவர்களுக்கான அனுமதி இரண்டு நாளில் எழுத்தில் வரும் என்றார்.

ஜீப் மறையுமுன் முத்துப்பேச்சி மண்வெட்டியோடு குவியலில் நின்றார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் சேர்ந்துகொண்டார்கள். சுண்ணாம்பும் கரம்பையுமாகச் சேர்த்துச் செவக்காட்டில் இறைத்தார்கள்.

"சுண்ணாம்பு கலந்து போகுதே" என்றேன்.

"போவட்டும். செவக்காட்டுக்கு அதுவும் நல்லதுதான். சர்க்கார் செலவுல்லா" என்றார். அவர் என்னிடம் சிரித்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

முப்பது அடிக்கு முப்பது அடி

ஆனியில் எங்கள் பக்கம் மேற்கிலிருந்து சாரல் காற்றுத்தான் வரும். மறுநாள் மத்தியானம் வந்தது இடி மழை. ஒன்றரை மணி நேரம் ஊற்றியது. சங்கரன்கோவிலில் என் அறைக்கு எதிரே சாக்கடை நிறைந்து சைக்கிள் கடைக்குள் போனது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யோசனை முழுக்க வேறு இடத்தில் இருந்தது.

அடுத்த நாள் காலை போனேன். முத்துப்பேச்சி காட்டில் பரப்பிய கரம்பை மழையில் கரைந்து படிந்துவிட்டது. சிவப்பு மண் தெரியவில்லை.

குளக்கரையில் சுடலைமுத்துவும் நான்கைந்து பேரும் நின்றார்கள். குளத்துக்குள் வண்டி இறங்க வழியே இல்லை. சக்கரம் அச்சு வரை புதையும். காய்வதற்கு இருபது நாளாவது ஆகும். அதற்குள் ஆடி பிறந்து மாடுகள் உழவுக்குப் போய்விடும். பதினொரு காடுகளுக்கும் அந்த வருஷம் மண் இல்லை.

திட்டுவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். சுடலைமுத்து கையை நீட்டினார்.

"அங்கன பாரும்."

குளம் முழுக்க மினுமினுவென்று சகதி. வந்த தண்ணீர் மேடாகிக் கிடந்த வண்டல் மேல் ஓடி, மடை வழியாக வெளியே போய்விட்டது. ஓரிடத்தில் மட்டும் தெளிந்த தண்ணீர் சதுரமாக நின்றது. அன்று விடியலில் அவர்கள் வெட்டிய இடம். ஆடுகள் அதைச் சுற்றிக் கால் புதையப் புதைய நின்று குடித்தன.

"எத்தன அடி இருக்கும் வே?"

கரையில் நின்றே கண்ணால் அளந்தேன். "முப்பதுக்கு முப்பது. முழங்கால் ஆழம்."

"ஒரு நாள் வெட்டுனது. மிச்ச நாளும் வெட்டியிருந்தா?"

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறித்தவர்

முத்துப்பேச்சி பம்பாய்க்குப் போகவில்லை. அந்த ஆடியில் விதைத்த உளுந்து காய்த்தது. எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. சந்தைக்கு வந்த அன்று இரண்டு காலிலும் செருப்பு இருந்ததைப் பார்த்தேன்.

அடுத்த கோடையில், முறையாக அனுமதி வாங்கி, வண்டிகள் மறுபடி குளத்தில் இறங்கின. மனுவை நான்தான் எழுதினேன். சொல்லி அனுப்பியிருந்ததால் அன்று விடியுமுன் போயிருந்தேன்.

வண்டி இல்லாத வீடு அந்த ஊரில் இன்னும் சில இருந்தன. ஆனால் போன வருஷம் வந்த வம்பில் முதல் நடை முத்துப்பேச்சிக்கு முழுசாகச் சேரவில்லை, அந்த ஒரு நாள் மண்ணிலும் பாதி ஐப்பசி மழையில் ஓடிவிட்டது என்று ஊர் முடிவு செய்திருந்தது. அவருக்கு அது தெரியாது. காலையில் வண்டிச் சத்தம் கேட்டு வந்தவர், முதல் வண்டி தன் காட்டுப் பக்கம் திரும்புவதைப் பார்த்து, மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் நடுவே நின்றார். இரண்டு கையையும் விரித்திருந்தார்.

"இங்கன வராதீங்க. போன வருசம் எனக்கு மட்டுந்தான் கெடச்சுது. ஒங்க பதினோரு பேரு காடும் பட்டினி கெடந்துது. எனக்கு வேண்டாம்."

"வழிய விடுட்டி" என்றார் சுடலைமுத்து. "ஊரு பேசி வச்சது."

"ஊரு பேசட்டும். காடு என்னோடது."

"மாடு பாரத்தோட நிக்கி. வெயிலு ஏறுது."

"அப்ப ஒங்க காட்டுக்குத் திருப்புங்க மாமா. நான் மண்வெட்டியோடத்தான் வந்திருக்கேன். பதினோரு காட்டுக்கும் நின்னு வெட்டிப் போடுதேன்."

பின்னால் பத்து வண்டிகள் நின்றன. மாடுகள் தலையை ஆட்ட, கழுத்து மணிகள் ஒலித்தன. யாரோ ஒருவர் என்னைப் பார்த்து, "நீரு சொல்லும் வே" என்றார். நான் நோட்டை மூடி இடுப்பில் செருகியிருந்தேன். சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று மட்டும் தெரிந்தது.

சுடலைமுத்து வண்டியிலிருந்து இறங்கினார். ஒரு கூடையை எடுத்துக் கரம்பையை நிரப்பித் தோளில் வைத்தார். அறுபது வயதுக்காரர், கூடையின் பாரத்தில் கழுத்து நரம்பு புடைத்தது. விரித்த கைகளைச் சுற்றிக்கொண்டு வரப்பேறி, காட்டுக்குள் நான்கு காலடி நடந்து, கூடையைக் கவிழ்த்தார்.

"மொதல் நட விழுந்தாச்சு" என்றார். "இனி அவனவன் காட்டுக்கு வண்டியத் திருப்புங்கல."

முத்துப்பேச்சி கைகளை இறக்கினார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, திரும்புகிற வண்டிகளைத் தாண்டி, குளத்தை நோக்கி முன்னால் நடந்தார்.